கிரீஸ் அடித்தாயிற்று, பேரிங்கைப் பார்த்தாயிற்றா?

அமெரிக்காவில் டிராவல் ட்ரெயிலர் வாங்கும் எவருக்கும் சீக்கிரமே இரண்டு அறிவுரைகள் வந்து சேரும். ஒன்று, 'டிரம் பிரேக்கைத் தூக்கிப் போட்டுட்டு டிஸ்க் போட்டுடுங்க.' இரண்டு, 'சக்கரத்தைக் கழற்றாமலே கிரீஸ் அடிக்கிற ஆக்சில் வாங்கிடுங்க, பேரிங் கவலையே வேண்டாம்.' இரண்டுக்கும் பொதுப்பெயர் அப்கிரேடு. முதல் அறிவுரை பாதி சரி, இரண்டாவது பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி. அதற்கான கணக்கும் காரணமும்தான் இந்தப் பதிவு.

டிராவல் ட்ரெயிலர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே. எங்களுடையது இரண்டு ஆக்சில், நான்கு சக்கரம், சாமான் ஏற்றிய பிறகு சுமார் 7,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 3,200 கிலோ. கொலராடோவில் இருக்கிறோம் என்பதால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் மலை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். எனவே பிரேக் எனக்கு வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அல்ல.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

இங்கே பெரும்பாலான ட்ரெயிலர்களில் இருப்பது மின் டிரம் பிரேக். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் வண்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அதற்கு மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரம் சுற்றுவதால் காந்தமும் கொஞ்சம் இழுபடும். அது பொருத்தப்பட்ட கை நகர்ந்து, பிரேக் ஷூவை விரித்து டிரம் மேல் அழுத்தும். அழுத்தத் தொடங்கியதும் சுழற்சியே ஷூவை இன்னும் இறுக்கும். கொஞ்சம் மின்சாரம், மீதி வேலையைச் சக்கரமே செய்துகொள்ளும். யோசித்துப் பார்த்தால் அழகான வடிவமைப்பு.

வழக்கமான 10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தத்தின் மின்தடை 4 ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர், நான்குக்கும் 12 ஆம்பியர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே டிரம்மின் நடுவில்தான் ஹப். அதற்குள் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள். ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை வாங்கிய அதே வகை, இன்னும் மாறவில்லை. உள் பேரிங்குக்குப் பின்னால் ஒரு ஆயில் சீல். அந்த சீலுக்கு இந்தப் பக்கம் கிரீஸ், அந்தப் பக்கம் பிரேக் ஷூ. ஒரு ரப்பர் உதடுதான் எல்லைக்கோடு.

அப்கிரேடு பற்றி எழுதுகிறவர்கள் பலர் பிரேக்கை ஒரு அத்தியாயத்திலும் பேரிங்கை இன்னொரு அத்தியாயத்திலும் வைக்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் ஆட்சேபம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கக்கூடும்.

டிஸ்க் கட்சியின் வாதம் எங்கே சரி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,200 கிலோ ட்ரெயிலர் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1.15 மெகாஜூல். அதை முழுவதும் ட்ரெயிலரின் நான்கு டிரம்களே உறிஞ்சுகின்றன, ஒவ்வொரு டிரம்மிலும் 10 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு நிறுத்தத்துக்கு டிரம்மின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் போல ஏறும். இது பெரிய விஷயமே இல்லை. சமவெளியில் ஒருமுறை சடாரென நிறுத்துவதற்கு, ஒழுங்காக இருக்கும் டிரம் பிரேக் தாராளமாகப் போதும்.

மலை இறக்கம் வேறு கதை. டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி சில்வர்தோர்ன் ஊருக்கு வருவதற்குள் 600 மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுவோம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அந்த இறக்கத்தில் தனிச் சரிவுப் பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். 600 மீட்டர் என்றே கணக்கு வைத்தாலும் ட்ரெயிலர் மட்டும் விட்டொழிக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 19 மெகாஜூல். காற்றும் டயர் உருளலும் அதில் பாதியை வாங்கிக்கொண்டாலும் மீதி 9 மெகாஜூலுக்கு மேல். 60 மைல் வேகத்திலிருந்து எட்டு முறை தொடர்ந்து முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இதை முழுக்க அந்த நான்கு டிரம்கள் தலையிலேயே கட்டினால், குளிர்வே இல்லாத நிலையில் 500 டிகிரி ஏறும். உண்மையில் குளிரும்தான், ஆனால் பத்து நிமிட இறக்கத்தில் எவ்வளவு குளிரும்?

டிரம் சூடானால் மூன்று விஷயங்கள் நடக்கும். டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வு குறையும். மூன்றாவதை அதிகம் பேர் பேசுவதில்லை: காந்தத்துக்குள் இருப்பது செம்புக் கம்பி. செம்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். 3 ஆம்பியர் எடுத்த காந்தம் 2.2 ஆம்பியர்தான் எடுக்கும். பிரேக் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் பிடி தானாகவே தளரும்.

டிஸ்க் பிரேக்கில் இந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் இல்லை. தட்டு சூடானால் பேடை நோக்கித் தடிக்கும், விலகிப் போகாது. வெளிக்காற்று படுவதால் சீக்கிரம் குளிரும். சக்கரத்தில் காந்தமே கிடையாது. ட்ரெயிலரின் முன்பக்கம் உள்ள ஒரு மின் பம்பு கன்ட்ரோலரின் சைகையை வாங்கி, பிரேக் ஆயிலை 1,600 பிஎஸ்ஐ வரை அழுத்தி அனுப்பும். எனவே கனமான ட்ரெயிலர், அடிக்கடி மலை என்றால் டிஸ்க் கட்சி சொல்வது சரிதான். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

எங்கே அது பாதியில் நின்றுவிடுகிறது

ஆனால் அந்த வாதம் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. 19 மெகாஜூலை எந்த பிரேக்கில் போடுவது என்பது இரண்டாவது கேள்வி. அதை பிரேக்கில் போடவே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைக் கீழே இறக்கி, இன்ஜினையே பிடிக்கச் சொன்னால் அதன் பெரும்பகுதி இன்ஜின் வழியாகப் போய்விடும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து, நடுவில் குளிரவிட்டால் மீதியை டிரம்மே சமாளிக்கும். காசு செலவில்லாத அப்கிரேடு இது. யாரும் பெட்டியில் போட்டு விற்க முடியாது என்பதால் இதைப் பற்றி யாரும் உற்சாகமாக எழுதுவதில்லை.

இரண்டாவது, நம்பகத்தன்மை. மென்பொருள்காரன் கண்ணுக்கு இது உடனே படும். மின் டிரம் அமைப்பில் நான்கு தனித்தனிக் காந்தங்கள். ஒன்று செத்தாலும் மூன்று வேலை செய்யும். டிஸ்க் அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பம்பு. அது நின்றால் நான்கும் போச்சு. கொக்கி கழன்று ட்ரெயிலர் தனியாக ஓடினால் தானாக பிரேக் பிடிக்க ஒரு பின்னும் சின்ன பேட்டரியும் இருக்கும். டிரம்மில் அந்த பேட்டரி காந்தங்களுக்கு நேரடியாக மின்சாரம் தந்தால் போதும். டிஸ்க்கில் அது பம்பையே ஓட்ட வேண்டும். பேட்டரி நலம் இன்னும் முக்கியமாகிறது. டிஸ்க் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதைப் போட்டவர் பராமரிக்க வேண்டியவை குறையவில்லை, வேறு இடத்துக்கு மாறியிருக்கின்றன. பழைய கவலைப் பட்டியலைக் கிழித்துப் போட்டவர் புதியதை எழுதி வைத்தாரா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, ஒப்பீடே நியாயமாக நடப்பதில்லை. 'டிஸ்க் போட்ட பிறகு வண்டி சும்மா நிக்குது சார்' என்று சொல்பவரிடம் பழைய டிரம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஷூவை கடைசியாக எப்போது அட்ஜஸ்ட் செய்தார்? ஆக்சில் தயாரிப்பாளரான டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேடு முதல் 200 மைலிலும், பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் சரிசெய்யச் சொல்கிறது. எத்தனை பேர் செய்கிறார்கள்? வயர் என்ன தடிமன்? நான்கு காந்தங்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 1 ஓம் சுமை. வண்டியிலிருந்து கடைசிச் சக்கரம் வரை போய்வர 60 அடி வயர், அது 14 கேஜ் என்றால் வயரின் தடை மட்டும் சுமார் 0.15 ஓம். 12 வோல்ட்டில் 13 சதவீதம் வயரிலேயே கரைந்துவிடுகிறது. அதே தூரத்துக்கு 10 கேஜ் போட்டால் இழப்பு 6 சதவீதத்துக்குள் வரும். இது தவிர, இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் வயர் பல ட்ரெயிலர்களில் ஆக்சில் குழாய்க்குள் தொங்கிக்கொண்டு, ஓட ஓட உரசித் தோல் தேய்ந்து போகும். அட்ஜஸ்ட் செய்யாத ஷூ, மெலிந்த வயர், தேய்ந்த லைனிங். இந்த டிரம்மோடு புத்தம்புது டிஸ்க்கை ஒப்பிட்டால் டிஸ்க்தான் ஜெயிக்கும். புத்தம்புது டிரம் போட்டிருந்தாலும் அதுவே ஜெயித்திருக்கும்.

கிரீஸ் நிப்பிள் என்ற வசதி

இப்போது இரண்டாவது அறிவுரைக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான சண்டை.

டெக்ஸ்டரின் இ-ஸி லூப் மாதிரியான ஆக்சில்களில் ஸ்பிண்டிலின் நடுவே துளை போட்டு, முனையில் ஒரு கிரீஸ் நிப்பிள் வைத்திருப்பார்கள். ரப்பர் மூடியைத் திறந்து கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், கிரீஸ் துளை வழியாகப் பின்னால் போய், ஆயில் சீலுக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் வெளிவரும். அங்கிருந்து உள் பேரிங், ஹப்பின் காலி இடம், வெளி பேரிங் எனத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் வந்து சேரும். பழைய கிரீஸ் வெளியே, புது கிரீஸ் உள்ளே. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

படகு ட்ரெயிலருக்கு இந்த மாதிரி யோசனைகள் அருமையாகப் பொருந்தும். ஓடிச் சூடான ஹப்பை ஏரித் தண்ணீரில் முக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டெனச் சுருங்கித் தண்ணீரை இழுக்கும். அதைத் தடுக்கத்தான் பேரிங் பட்டி போன்ற ஸ்பிரிங் வைத்த மூடிகளே வந்தன. உள்ளே தண்ணீர் புகும் ஆபத்து இருக்கும் இடத்தில், புது கிரீஸால் அதைத் தள்ளி வெளியேற்றுவது நியாயமான வைத்தியம். ஆனால் டிராவல் ட்ரெயிலர் ஏரிக்குள் இறங்குவதில்லை. இல்லாத நோய்க்கான மருந்து அது. அதன் பக்கவிளைவு மட்டும் நமக்கு வந்து சேர்கிறது.

பக்கவிளைவு என்ன? கை கிரீஸ் கன்னே ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். ஆயில் சீலின் உதடு அந்த மாதிரி அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அடிக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மெதுவாக, கையால் மட்டும் அடிக்கணும் என்று கையேடுகள் சொல்வது அதனால்தான். குளிரில் இறுகிய பழைய கிரீஸ், அவசரம், பவர் கன் எல்லாம் சேர்ந்தால் கிரீஸ் முன்னால் வருவதை விட சீலைத் தாண்டிப் பின்னால் போவது சுலபம். பின்னால் என்ன இருக்கிறது? பிரேக் லைனிங். லைனிங் கிரீஸை உறிஞ்சிவிட்டால் கழுவிக் காப்பாற்றுவது நடக்காத காரியம், மாற்றத்தான் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இன்னொன்று, கிரீஸ் கலப்பு. கிரீஸ் என்பது எண்ணெயும், அதைப் பஞ்சு போலப் பிடித்துவைக்கும் ஒரு கெட்டிப்பொருளும். டப்பாவில் என்எல்ஜிஐ 2 என்று போட்டிருப்பது அதன் இறுக்கத்தை மட்டும் சொல்கிறது: பிசைந்த கிரீஸுக்குள் ஒரு கூம்பு 265 முதல் 295 வரை, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில், இறங்கும் என்று. கெட்டிப்பொருள் லித்தியமா, பாலியூரியாவா என்பது வேறு விஷயம். பொருந்தாத இரண்டு கலந்தால் கிரீஸ் இளகி ஒழுகலாம். சிவப்பு, நீலம் என்பது வெறும் சாயம், நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கழற்றித் துடைத்துப் போடுகிறவருக்கு இந்தப் பிரச்சினை வராது. நிப்பிள் வழியாக ஒவ்வொரு வருடமும் கையில் கிடைத்ததை அடிக்கிறவருக்கு ஹப்புக்குள் என்ன கலவை இருக்கிறது என்பதே தெரியாது.

இதெல்லாம் சின்ன ஆட்சேபங்கள். பெரிய ஆட்சேபம் வேறு. பேரிங்கைக் கழற்றுவது கிரீஸ் போடுவதற்காக மட்டுமல்ல, பார்ப்பதற்காகவும்தான். உருளையில் குழி விழுந்திருக்கிறதா, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததில் ஈரம் அரித்த கோடு இருக்கிறதா, கூண்டு வளைந்திருக்கிறதா என்பதெல்லாம் கழற்றித் துடைத்தால் மட்டுமே தெரியும். நம் ஊர் மாட்டுவண்டிக்கு மை போடணும் என்றால் கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை இழுக்கணும். அச்சு தேய்ந்திருப்பது அப்போதே கண்ணில் படும். மை போடுவதும் பார்ப்பதும் ஒரே வேலையாக இருந்தது. நிப்பிள் அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. சுலபமான பாதியை நமக்குக் கொடுத்து, முக்கியமான பாதியை மறக்க வைத்துவிட்டது. இத்தனைக்கும் நிப்பிள் ஆக்சிலை விற்கும் டெக்ஸ்டரே 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்கைச் சோதிக்கச் சொல்கிறது. சோதனை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்பவர்கள் காதில் அப்படி விழுகிறது.

ஒரு நோட்டுப் புத்தகம்

எங்கள் ட்ரெயிலர் பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ரொம்ப ஒழுங்கானவர். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். ஆறு வருடம், ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரே வரி: நான்கு ஹப்பிலும் கிரீஸ் அடித்தாயிற்று. தேதி, மைல் கணக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது. வாங்கிய வாரம் நான்கு டிரம்மையும் இழுத்துப் பார்த்தேன். இரண்டில் லைனிங் கிரீஸில் ஊறிக் கறுத்திருந்தது. ஒன்றில் உள் பேரிங்கின் கப்பில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி. நான்கு பிரேக்கில் இரண்டுதான் முழுதாக வேலை செய்திருக்கிறது. அந்த மனிதர் சோம்பேறித்தனத்தால் விட்டதல்ல. சொன்னதையெல்லாம் செய்தவர். அவருக்குச் சொல்லப்பட்டதுதான் தவறு. நாங்கள் மென்பொருளில் அடிக்கடி பார்ப்பது இது: வேலை ஓடியது என்று லாக் பச்சையாகச் சொல்லும், ஆனால் முடிவு சரியா என்று எதுவும் சோதித்திருக்காது.

நியாயமான எதிர்வாதம்

'கழற்றி மாட்டத் தெரியாதவர்கள் கையில் பேரிங்கைக் கொடுத்தால் இன்னும் மோசமாகாதா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்துபோகும், ஆயில் சீலைக் கோணலாக அடித்தால் ஒழுகும். ஆனால் செய்முறை ஒன்றும் பரம ரகசியமில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு இறுக்கி, ஹப்பைச் சுற்றாமல் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, புது காட்டர் பின் போடணும். ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதிது. கிரீஸை உருளைகளின் அகலமான பக்கத்திலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கி வரும் வரை நிரப்பணும். முடியாதவர்கள் கடையில் செய்துகொள்ளலாம், ஆனால் 'கிரீஸ் அடிங்க' என்று சொல்லாமல் 'கழற்றிக் காட்டுங்க' என்று சொல்லணும். இரண்டுக்கும் கூலி வேறு, பலனும் வேறு.

காசு இருந்தால் எந்த வரிசையில் செலவழிப்பது

எனக்கு ஒரு கடையில் இரண்டு ஆக்சிலுக்கும் டிஸ்க் போட 3,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை என்று நான் போட்ட வரிசை இது.

முதலில் ஒரு கிளாம்ப் மீட்டர். பிரேக் வயரில் மாட்டி முழு பிரேக் கொடுத்தால் 12 ஆம்பியர் பக்கத்தில் காட்டணும். 9 காட்டினால் ஒரு காந்தம் செத்திருக்கிறது. நான்கிலும் சமமாகக் குறைந்தால் வயர் மெலிவு.

இரண்டாவது, அகச்சிவப்பு வெப்பமானி. ஓய்விடத்தில் நிறுத்தியதும் நான்கு ஹப்பையும் சுட்டுப் பாருங்கள். தனி எண்ணை விட ஒப்பீடு முக்கியம். ஒன்று மட்டும் சூடு என்றால் பேரிங் அல்லது உரசும் ஷூ. நன்றாக பிரேக் பிடித்து நிறுத்திய பிறகு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இல்லை. எல்லோரும் சூட்டைத் தேடுகிறார்கள். எனக்கு அந்தக் குளிர்ந்த சக்கரம்தான் அதிக பயம்.

மூன்றாவது, 10 கேஜ் வயர், நல்ல இணைப்புகள். நான்காவது, தானாக அட்ஜஸ்ட் ஆகும் டிரம் பிரேக் தொகுதி. பழைய தொகுதியைக் கழற்றி அதே துளைகளில் மாட்டிவிடலாம். ஐந்தாவது, வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர், ஏற்கெனவே இல்லையென்றால். இவை எல்லாம் சேர்ந்தும் டிஸ்க் செலவில் பாதிகூட வரவில்லை.

டிஸ்க் ஆறாவது. இவ்வளவும் செய்த பிறகும் கனம் அதிகம், இறக்கம் அதிகம் என்று தோன்றினால் தாராளமாகப் போடுங்கள். அதைப் போட்டாலும் நடுவில் இருப்பது அதே டிம்கென் பேரிங், அதே ஆயில் சீல்தான். கிரீஸ் கசிந்தால் டிஸ்க்கின் பேடும் வழுக்கும்.

எங்கள் ட்ரெயிலரில் நிப்பிள்கள் இன்னும் இருக்கின்றன. ரப்பர் மூடியைத் திறப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை முழுக்க, நான்கு சக்கரமும் தரையில் கிடக்கும். நோட்டுப் புத்தகம் தொடர்கிறது. 'கிரீஸ் அடித்தாயிற்று' என்ற ஒரு வரி மட்டும் இப்போது இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் உருளை, கப், சீல், லைனிங் தடிமன், காந்தத்தின் ஓம் என்று ஐந்து கட்டங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் மட்டுமே நிரப்ப முடிந்தவை.